நீண்டநாள் வருத்தத்தோடு மனம் விடாமல் இருப்பது எப்படி: வருத்தக்காரருக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒருவருக்குச் சுகர், பிரஷர், வாதம், சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது உறுதியானால், செய்தி பரவிய கையோடு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஒரு நெஸ்டமோல்ட், இரண்டு பக்கெற் மாரி பிஸ்கட். வாயில் ஒரு வசனம்: "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, மனசைத் தைரியமா வைச்சிருங்கோ." வந்தவர்களின் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனதை எப்படித் தைரியமாக வைத்திருப்பது என்று அவர்களில் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சுகர்க்காரரைப் பார்க்க பிஸ்கட் கொண்டுவருவதும் அப்படியே தொடர்கிறது.

எனக்கு முடக்குவாதம். வீட்டுக்காரருக்கு நீரிழிவு. ஆக, வருத்தக்காரராகவும் பராமரிப்பவராகவும் இரண்டு பக்கத்திலும் நிற்கிற ஆள் நான். என் அனுபவத்தில் மனம் விழுந்துபோவது நோவினால் மட்டும் இல்லை. அடுத்த கிளினிக்குக்கு யார் கூட வருவார், மருந்து முடிந்தால் என்ன செய்வது, இன்றைக்கு எழும்பி நடக்க முடியுமா, இதெல்லாம் தெரியாமல் இருப்பதுதான் ஆளை அரிக்கிறது. இந்தத் தெரியாமையை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால் மனம் தானாகக் கொஞ்சம் நிமிரும். அதனால் இந்த வழிகாட்டி மனதைப் பற்றிக் கதைப்பதற்கு முன் கொப்பி, பை, மருந்து உறை என்று தொடங்குகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் வருத்தத்தைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள்

"சுகர் கொஞ்சம் கூடவாம்", "கிட்னியில ஏதோ பிரச்சினையாம்" என்ற அளவில் நின்றுவிடக் கூடாது. கிளினிக்கில் டொக்டருக்கு ஒரு ஆளோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வரிசையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்: என் வருத்தத்தின் சரியான பெயர் என்ன? இது மாறக்கூடியதா, கட்டுப்படுத்தக்கூடியதா? எந்த அறிகுறி வந்தால் அடுத்த திகதி வரை காத்திருக்காமல் ஓடிவர வேண்டும்? நான் செய்யவே கூடாதது என்ன?

இதில் மூன்றாவது கேள்விதான் தங்கம். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவது குறையும்.

டொக்டர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னது விளங்கவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வெளியே வராதீர்கள். "தமிழ்ல ஒருக்கா சொல்லுங்கோ மிஸ்" என்று பக்கத்தில் நிற்கும் தாதியிடம் கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

2. "நான் என்ன பிழை செய்தேன்" என்ற கேள்வியை முடித்துவையுங்கள்

முதல் சில மாதம் கோபமும் அழுகையும் வரும். வரட்டும். அதை அடக்கிக்கொண்டு சிரிக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆனால் தன்னைத் தானே குற்றம் சாட்டுவது வேறு. அது நீண்டுகொண்டே போகும், மருந்தைக்கூட ஒழுங்காக எடுக்க விடாது.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் உதவும். முடக்குவாதம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் வருகிறது. குளிர்ந்த தண்ணீரில் முழுகியதால் வந்ததல்ல. சிறு பிள்ளைகளுக்கு வருகிற முதலாம் வகை நீரிழிவும் அப்படித்தான். அதில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்துபோகின்றன. தாய் அதிகம் இனிப்புக் கொடுத்ததால் அது வருவதில்லை. எத்தனை தாய்மார் இந்தப் பழியை வீணாகச் சுமக்கிறார்கள்! சிறுநீரக நோயை எடுத்தால், வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டறியப்பட்டு, எங்கள் மாவட்டத்தின் பதவிசிறிபுர பக்கத்திலும் காணப்படுகிற ஒரு வகைக்கு, இத்தனை ஆய்வுக்குப் பிறகும் ஒரே காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. விஞ்ஞானிகளாலேயே கண்டுபிடிக்க முடியாத காரணத்தை ஒரு விவசாயி தன் நடத்தையில் தேடி என்ன செய்வது?

இரண்டாம் வகை நீரிழிவில் சாப்பாட்டுக்கும் எடைக்கும் உடல் உழைப்புக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பரம்பரைக்கும் வயதுக்கும் பங்கு உண்டு. நேற்றுச் சாப்பிட்டதை மாற்ற முடியாது. நாளைய சாப்பாட்டைத்தான் மாற்றலாம்.

3. கிளினிக் நாளை ஒழுங்குபடுத்துங்கள்

மனம் சோர்வதற்கு எங்கள் ஊரில் முதல் காரணம் எது என்று கேட்டால், நான் கிளினிக் நாளைத்தான் சொல்வேன். விடிய முதல் எழும்பி, சாப்பிடாமல், நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைப் பார்த்து, பிறகு பாமசி வரிசையில் நின்று, வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வருவது. அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம் என்பது பெரிய கொடை. அதில் சந்தேகமில்லை. உலகத்தில் எத்தனையோ நாட்டில் இன்சுலின் வாங்கவே ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் ஆளை உரித்துப் போட்டுவிடும். அதை இலகுவாக்கினால் மாதம் முழுவதும் இலகுவாகும்.

ஒரு தனிப் பை வையுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. அதற்குள் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் திகதி வரிசையில், வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரைகள், ஒரு பேனை, தண்ணீர்ப் போத்தல். சாப்பிடாமல் இரத்தம் கொடுக்கிற நாள் என்றால், கொடுத்து முடிந்ததும் சாப்பிட இரண்டு இடியப்பமோ அவித்த கடலையோ ஒரு பெட்டியில் கட்டாயம். அப்படியென்றால் அங்கேயே கன்டீனில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சுகர் ஏறிவிட்டது என்று கவலைப்பட வேண்டி வராது.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். 2004 சுனாமி நேரம் கொப்பி, மருந்து எல்லாம் போய், தான் என்ன மாத்திரை எடுத்தோம் என்றே சொல்லத் தெரியாமல் நின்றவர்கள் இந்தக் கரையோரத்தில் நிறையப் பேர். அன்றைக்குப் போனில் படம் எடுக்கும் வசதி எல்லாரிடமும் இல்லை. இப்போது இருக்கிறது.

மருந்து உறைகளில் எழுதியிருப்பது பலருக்கு வாசிக்க வராது. பாமசி யன்னலை விட்டு விலகுவதற்கு முன் ஒவ்வொரு உறையையும் காட்டிக் கேட்டு, பேனையால் தமிழில் எழுதுங்கள்: "காலை, சாப்பிட்ட பின்." வாசிக்கத் தெரியாத பெரியவர் என்றால் ஒரு சூரியன், ஒரு நிலா வரைந்துவிடுங்கள். வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அந்த மாத்திரை கிழமைக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் விழுங்கினால் ஆபத்து. என் உறையில் சிவப்புப் பேனையால் "ஞாயிறு மட்டும்" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.

தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பயணமே பாதி வருத்தம். மூதூர் ஆட்கள் ஒரு காலத்தில் லாஞ்ச் பிடித்துக் குடாவைக் கடந்து வந்தவர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தரைவழி இலகுவாகியது. ஆனாலும் பஸ்ஸில் முழங்கால் மடக்கி இருப்பது வாதக்காரருக்கு இலேசான காரியம் இல்லை. கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ பிரதேச வைத்தியசாலையிலோ உங்கள் கிளினிக்கைத் தொடர முடியுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் பலருக்கு மாற்றித் தருவார்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகச் செய்துதர மாட்டார்கள்.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறேன், ஆறுதலுக்காக. உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றின்படி, வசதியான நாடுகளில்கூட நீண்டநாள் நோய்க்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். ஆகவே மருந்தைத் தவறவிடுவது சோம்பலோ படிப்பறிவோ சம்பந்தப்பட்ட விஷயம் என்று வீட்டில் ஏச வேண்டாம். தினமும் பல் தீட்டும் இடத்தில் மருந்துப் பெட்டியை வையுங்கள். ஏச்சை விட அது வேலை செய்யும்.

4. உடம்பின் வரவு செலவைப் பாருங்கள்

நல்ல நாள் ஒன்று வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடிப்போம். வீடு கழுவி, உடுப்புத் தோய்த்து, மா இடித்து, சந்தைக்கும் போய்வந்து, அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடப்போம். பிறகு "எனக்கு ஒண்டும் ஏலாது" என்று மனம் உடையும். இந்த ஏற்ற இறக்கத்தை உடைப்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியின் நடு.

இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எந்த நேரம் உடம்பு இலேசாக இருக்கிறது, எந்த வேலைக்குப் பிறகு விழுகிறது. வாதக்காரருக்குக் காலையில் மூட்டு இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் இருக்கலாம். அப்படியான ஆளிடம் காலை ஆறு மணிக்குப் பிட்டு அவிக்கச் சொல்வது அநியாயம். சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு) செய்பவர்களுக்கு அது முடிந்த நாள் பெரும்பாலும் களைப்பு. அன்று விருந்தாளி வேண்டாம். சுவாச வருத்தக்காரருக்கு விறகடுப்புப் புகைதான் எதிரி.

எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு வெளிவேலை வேண்டாம். அந்த வறண்ட சூட்டில் ஆரோக்கியமான ஆளே வாடிப்போவான். உடம்பில் நீர் குறைந்தால் பிரஷர் மருந்து எடுப்பவருக்குத் தலைசுற்றும், எழும்பும்போது விழவும்கூடும். மாரியில், வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது, நடைப்பயிற்சி நின்றுபோகும். அதற்கு மாற்றாக வீட்டு விறாந்தையில் நடக்கலாம், கதிரையில் இருந்தபடி கால் நீட்டி மடக்கலாம். கிழமைக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் கணக்கில் சேரும். காலை வெயில் ஏற முன் உப்புவெளிக் கரையிலோ டச் பே கடற்கரையிலோ நடப்பது மனதுக்கும் நல்லது. ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த சுகர்க்காரர்கள் செருப்பைக் கழற்றாமல் நடக்க வேண்டும். மணலுக்குள் சிப்பித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும்.

வேலையை விடச் சொல்லவில்லை, மாற்றச் சொல்கிறேன். நின்று வெட்டிய மரக்கறியை இருந்து வெட்டுங்கள். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதை வீட்டில் இளையவர்களிடம் விடுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுக்கிற பழக்கத்தை மாற்றி, களைக்க முன் ஓய்வெடுங்கள். இது கைவர மாதக்கணக்கில் ஆகும். ஏனென்றால் எங்கள் பெண்களுக்குப் பகலில் படுப்பது என்றாலே குற்றவுணர்வு.

5. சாப்பாட்டில் வீடு முழுவதும் ஒரு பக்கம் நில்லுங்கள்

ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்பில்லாக் கறி, மற்றவர்களுக்கு நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு என்று வைத்தால், அந்த ஒருவர் தினமும் மூன்று வேளை தன் வருத்தத்தை நினைவுகூருகிறார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு எல்லாருக்கும் ஒன்றுதான், நாளுக்கு ஐந்து கிராமுக்குக் கீழே. அது ஒரு தேக்கரண்டி. பிரஷர் இல்லாதவருக்கும் அதே அளவுதான். ஆகவே குழம்பில் உப்பைக் குறைத்து, புளியும் மிளகும் கூட்டி, எல்லாருமே அதைச் சாப்பிடலாம். கருவாட்டை எப்போதாவது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு, பச்சை மீன் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, தினமும் கருவாடு எதற்கு?

குரக்கன் பிட்டு சுகருக்கு மருந்து என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். நார்ச்சத்து உண்டு, நல்லது. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். நாலு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் சீனி ஏறும். தட்டில் பாதியை முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், புடலங்காய் என்று நிரப்பிவிட்டு மீதியில் சோற்றையும் மீனையும் பங்கிட்டால் போதும். சிறுநீரக நோயாளிக்கு இந்தக் கணக்கே வேறு. வருத்தம் முற்றியவர்களுக்கு இளநீர், வாழைப்பழம், சில கீரைகள் என்று பொட்டாசியம் கூடிய நல்ல சாப்பாடுகளே இதயத்துக்கு ஆபத்தாகலாம். பார்க்க வருபவர்கள் இளநீர்க் குலையோடு வருவார்கள். டொக்டர் சொன்ன பட்டியல் இல்லாமல் அதை வெட்டிக் கொடுக்க வேண்டாம்.

6. ஆதரவாக இருப்பவர்கள் வாயையும் காதையும் பழக்க வேண்டும்

இந்தப் பகுதி வருத்தக்காரருக்கு இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு. கணவன், மனைவி, மகள், மருமகள், அடுத்த வீட்டு அக்கா, எல்லாருக்கும்.

"ஏதாவது தேவையெண்டால் சொல்லுங்கோ" என்ற வசனத்தை விட்டுவிடுங்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆட்கள் உதவி கேட்பதைக் கடன் கேட்பது மாதிரி நினைப்பவர்கள். அதற்குப் பதிலாக, நாளும் வேலையும் வைத்துக் கேளுங்கள்: "மாமி, வியாழக்கிழமை கிளினிக்குக்கு நான் வாறன். விடிய ஆறு மணிக்கு ஓட்டோவோட வந்து நிப்பன்." அல்லது, "அண்ணை, சந்தைக்குப் போறன், மீன் என்ன வேணும்?" இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வது சுலபம். மறுப்பதும் சுலபம்.

வருத்தம் விசாரிக்கப் போனால் அரை மணித்தியாலம் போதும். போன இடத்தில் "எங்கட பெரியப்பாவுக்கும் இதுதான் வந்தது, கால் எடுத்தது, ஆறு மாசத்தில ஆள் போயிட்டார்" என்ற கதையைத் தொடங்காதீர்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அன்று இரவு அந்த ஆள் நித்திரை கொள்ள மாட்டார். முகத்தைப் பார்த்து "நல்லாக் கொட்டுண்டு போனீங்கள்" என்பதும் வேண்டாம். கண்ணாடி அவர்கள் வீட்டிலும் இருக்கிறது. ஊர்ப் புதினம் கதையுங்கள், கிரிக்கெட் கதையுங்கள், கோயில் திருவிழாக் கதையுங்கள். வருத்தமே இல்லாத அரை மணித்தியாலம்தான் நீங்கள் கொண்டுபோகக்கூடிய நல்ல சாமான்.

வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. காவல்காரராக மாறிவிடுவது. "அதைத் தொடாதேங்கோ", "எத்தனை அகப்பை போட்டீங்கள்?", "இண்டைக்கு நடந்தீங்களா?" என்று நாள் முழுவதும் கேட்டால், வருத்தக்காரர் ஒளித்துச் சாப்பிடப் பழகிவிடுவார். பிறகு சுகர் எவ்வளவு என்றும் உண்மை சொல்ல மாட்டார். கல்யாண வீட்டில் ஆட்களுக்கு முன்னால் தட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். வீட்டில் முதலே பேசி முடிவெடுங்கள்: எதை ஞாபகப்படுத்த வேண்டும், எத்தனை தரம், யார். "இரவு மாத்திரையை மட்டும் ஞாபகப்படுத்து, சாப்பாட்டை நான் பார்க்கிறன்" என்று அவர் சொன்னால், அந்த எல்லையை மதியுங்கள்.

அழுதால்? பக்கத்தில் இருங்கள். "அழாதேங்கோ, எத்தனை பேர் இதைவிடக் கஷ்டத்தில இருக்கினம்" என்பது ஆறுதல் இல்லை, வாயை மூடச் சொல்வது. "இண்டைக்குக் கூட நோகுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பொறுத்திருங்கள். பதில் வராவிட்டால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களையும் சொல்ல வேண்டும். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, இணையத்தில் பார்த்த பத்து வைத்தியத்தைச் சொல்லிவிட்டு, கூட இருந்து பார்க்கிற தங்கச்சியிடம் "நீ சரியாப் பாக்கேல்லை" என்று குறைப்படுவதை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! தூரத்தில் இருப்பவருக்கும் திட்டமான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். சுகர் பார்க்கும் கருவியின் பட்டிகளுக்குக் காசு அனுப்புவது அவர் வேலை. இரத்தப் பரிசோதனைத் திகதிகளை நினைவில் வைத்து முதல் நாள் அழைத்துச் சொல்வது அவர் வேலை. அறிவுரை அவர் வேலை இல்லை.

7. விரதம், நேர்த்தி, நாட்டு மருந்து

கடவுள் நம்பிக்கை பலரை நிமிர்த்தி வைத்திருக்கிறது. கோணேசர் மலையில் ஏறி நின்று கடலைப் பார்த்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி. அதை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். ஆனால் சில இடத்தில் கவனம் தேவை.

கேதார கௌரி விரதம், கந்தசஷ்டி, கிண்ணியா மூதூர்ப் பக்கம் நோன்பு மாதம் என்று எதுவாக இருந்தாலும், இன்சுலினோ கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பிடாமல் வழக்கமான அளவை எடுத்தால் சீனி சடாரென இறங்கும். வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கதை தடுமாறுவது, இவைதான் அடையாளம். சுகர் 70 mg/dLக்குக் கீழே போனால், அல்லது பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் இந்த அடையாளம் தெரிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, குறைவாகவே இருந்தால் மறுபடியும் குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். விரதம் அந்த இடத்தில் முடிந்தது. வருத்தக்காரருக்கு நோன்பில் விலக்கு உண்டு என்று இஸ்லாமே சொல்கிறது. எங்கள் அம்மனும் கோபிக்க மாட்டா. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

கோயில் வீதியில் உச்சிவெயிலில் வெறுங்காலோடு நடப்பதும், தீ மிதிப்பதும், காலில் விறைப்பு உள்ள சுகர்க்காரருக்கு வேண்டாம். சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை, விரலிடுக்கை, வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வது இதற்குத்தான். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

கன்னியா வெந்நீர் மூட்டுக்கு இதமாக இருக்கும், பொய்யில்லை. ஏழு கிணற்றுக்கும் சூடு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகையால் முதலில் முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். இதம் தருகிறது என்பதால் மாத்திரையை நிறுத்த முடியாது. நாட்டு மருந்துக்கும் இதேதான். சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கத்துக்கும் உண்மையைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்கள் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கசாயத்தைக் குடிக்கவே கூடாது.

8. மனம் இரண்டு கிழமைக்கு மேல் எழும்பாவிட்டால்

கவலை வேறு, மனச்சோர்வு என்ற வருத்தம் வேறு. இரண்டு கிழமைக்கு மேலாக, அனேகமாக எல்லா நாளும், முன்பு விரும்பிச் செய்த எதிலும் பிடிப்பில்லை, அல்லது மனம் தாழ்ந்தே கிடக்கிறது என்றால், அது வைத்தியம் தேவைப்படுகிற ஒன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அடுத்த கிளினிக்கில் சுகர் அளவோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். டொக்டர் தேவையானால் மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார். அங்கே போனால் பைத்தியம் என்று ஊர் சொல்லும் என்ற பயம் இருக்கிறது. பிரஷருக்கு மருந்தெடுப்பதை ஊர் எப்படிப் பேசுகிறதோ, அதற்குமேல் இதற்கும் பேச உரிமையில்லை.

"நான் இருந்து என்ன பிரயோசனம்", "உங்களுக்குப் பாரமாயிட்டன்" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆளைத் தனியே விடாதீர்கள், மாத்திரையையும் இன்சுலினையும் கிருமிநாசினியையும் உங்கள் பொறுப்பில் எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

9. பார்க்கிற ஆளையும் யாராவது பார்க்க வேண்டும்

பெரும்பாலான வீட்டில் இது ஒரே ஒரு பெண். மகள், அல்லது மருமகள். அவளுடைய பிரஷரை அளந்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர் என்றால் அரசின் சுகவாழ்வு நிலையங்களில் சீனி, பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் நாளைக் கேட்டுக்கொள்ளலாம்.

கிழமையில் ஒரு பின்னேரம் அவளுக்கு முழுதாக விடுதலை வேண்டும். அந்த நேரத்தில் ஆண்கள் வீட்டில் நிற்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பணச் சுமைக்கு ஒரு வழி: அரசின் அஸ்வெசும உதவித்தொகைத் திட்டத்தில் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகளுக்கெனத் தனிக் கொடுப்பனவு இருக்கிறது. தகுதி, படிவம் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள்.

அதே வருத்தம் உள்ள இரண்டு மூன்று பேரை நண்பராக்குவதும் பெரிய உதவி. இதற்குச் சங்கம் தேவையில்லை. கிளினிக் வாங்கில் ஒவ்வொரு மாதமும் பக்கத்தில் இருக்கிற ஆளிடம் போன் இலக்கம் வாங்கினால் போதும். எந்த மருந்து வந்துவிட்டது, எது தட்டுப்பாடு, இன்று டொக்டர் லீவா என்பதெல்லாம் அந்த வழியில்தான் முதலில் தெரியவரும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அப்படிப்பட்ட சின்ன வட்டங்கள் எவ்வளவு உதவின என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

10. கெட்ட நாளுக்கு ஒரு தாள்

நல்ல நாளில் இருந்து எழுதுங்கள். வருத்தம் கூடிய நேரத்தில் யாருக்கும் மூளை ஓடாது.

தாளில் வர வேண்டியவை: ஆளின் பெயர், வருத்தங்கள், எடுக்கும் மருந்துகளும் அளவும், ஒவ்வாத மருந்து, கிளினிக் இலக்கம், 1990, நம்பிக்கையான ஓட்டோக்காரரின் இலக்கம், முதலில் அழைக்க வேண்டிய இரண்டு பேர். அதற்குக் கீழே, "இப்படியானால் வீட்டில் பார்க்கலாம்", "இப்படியானால் உடனே ஆஸ்பத்திரி" என்று இரண்டு பத்தி. முதலாம் படியில் கேட்ட மூன்றாவது கேள்வியின் பதில் இங்கேதான் போகும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம் வரக்கூடிய இடத்தில், மூதூர், கிண்ணியா போல மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து சேரும் தாழ்நிலங்களில் இருப்பவர்கள், மருந்தை முடியும் கடைசி நாள் வரை விட்டுவைக்க வேண்டாம். ஒரு கிழமைக்கான மருந்தைத் தண்ணீர் புகாத பையில் கட்டித் தனியே வையுங்கள். டயலிசிஸ் செய்பவர்கள் வழி அடைபட முன்னமே டவுனுக்குள் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. இன்சுலினை மின்வெட்டில் ஐஸ் கட்டியோடு நேரடியாக வைக்காதீர்கள், உறைந்தால் அது பயனற்றது. பாவனையில் இருக்கும் குப்பியை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல், நிழலில் வைத்தால் சில நாள் சமாளிக்கலாம்.

தாளில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒன்று கிளினிக் பைக்குள். மூன்றாவதை அடுத்த வீட்டில் கொடுத்து, உங்கள் வாசல் கதவின் இரண்டாவது திறப்பு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.